விண்ணப்பத்தைப் படிப்பது யார்? – பழங்குடிகளும் பன்னாட்டுப் பணமும்

ஒரு பழங்குடிக் கிராமத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்றால், அதற்கு வெகு நாட்களுக்கு முன்பே எங்கோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு மேசையில், ஒரு விண்ணப்பம் படிக்கப்பட்டிருக்கும். படித்தவர் குறிப்பு எழுதியிருப்பார். அந்தக் குறிப்பை வைத்து ஒரு குழு தலையாட்டியிருக்கும். வரலாற்றுப் புத்தகங்களில் அணைகள் வருகின்றன, சாலைகள் வருகின்றன, போராட்டங்களும் வருகின்றன. இந்த மேசை மட்டும் வருவதே இல்லை. ஆனால் கடந்த ஐம்பது வருடங்களில் பழங்குடிகளுக்கும் பன்னாட்டு நிதி நிறுவனங்களுக்கும் நடந்த சண்டையில் பெரும்பகுதி இந்த மேசையைப் பற்றியதுதான். விண்ணப்பத்தை எடைபோட என்ன கேள்விகள் கேட்பது என்பதில் ஆரம்பித்த சண்டை, எடைபோடும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் வந்து நிற்கிறது.

கதையை பிலிப்பைன்ஸிலிருந்து தொடங்கலாம். லூசான் தீவின் வடக்கே கார்டில்லெரா மலைகள். அங்கே ஓடும் சிக்கோ ஆற்றில் நான்கு அணைகள் கட்ட 1970களில் மார்க்கோஸ் அரசு திட்டம் போட்டது. 1973ல் பெட்ரோல் விலை ஏறியதும் நீர்மின்சாரத்தின் மேல் ஆசை கூடிவிட்டது. ஆரம்ப கட்ட ஆய்வுக்கு உலக வங்கியின் பணம் வந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது: இத்தனை மெகாவாட், இத்தனை செலவு, இத்தனை வருடத்தில் வரவு. மூழ்கப்போவது கலிங்கா, போன்டாக் மக்களின் படிக்கட்டு வயல்களும் முன்னோர் புதைந்த மண்ணும் என்பது அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. அளவெடுக்க வந்தவர்களின் கூடாரங்களைப் பெண்கள் பிடுங்கி எறிந்தார்கள்.

அந்த மலைகளில் ஊருக்கும் ஊருக்கும் சண்டை வராமல் காக்க "போடோங்" என்று ஒரு பழைய உடன்படிக்கை முறை உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பகைமை கொண்டாடிய ஊர்கள் கூட 1975ல் அந்த முறையிலேயே கூடி, அணை வேலைக்கு யாரும் போகக்கூடாது என்று முடிவு செய்தன. 1980 ஏப்ரல் 24 இரவு, எதிர்ப்பின் முன்னணியில் நின்ற மக்லீ-இங் டுலாக் என்ற கலிங்கா பெரியவரை ராணுவத்தினர் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். எதிர்ப்பு அடங்கவில்லை, இன்னும் பரவியது. உலக வங்கி விலகிக்கொண்டது. அணைகள் கிடப்பில் போடப்பட்டன.

இந்த மாதிரி அனுபவங்கள் சேர்ந்துதான் 1982 பிப்ரவரியில் உலக வங்கி பழங்குடிகள் பற்றிய தன் முதல் விதியை எழுதியது. பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளிலேயே அப்படி ஒரு விதி அதுதான் முதல். வங்கியில் வேலை பார்த்த ராபர்ட் குட்லேண்ட் என்ற சூழலியலாளரின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. நல்ல விதிதான். ஆனால் அது வெளிவந்த நேரத்தில் பிரேசிலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பிரேசிலின் ரொண்டோனியா பகுதிக்குப் போகும் பி.ஆர்.364 என்ற நெடுஞ்சாலைக்குத் தார் போட்டு, குடியேறிகளுக்கு நிலம் கொடுக்கும் போலோனொரோயெஸ்டே என்ற திட்டத்துக்காக பிரேசில் அரசு கடன் கேட்டது. பாதையில் நம்பிக்வாரா மக்கள் இருந்தார்கள். 1938ல் லெவி-ஸ்ட்ராஸ் போய்ப் பார்த்து எழுதி, மானுடவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட அதே மக்கள். அம்மை, சளிக்காய்ச்சல் என்று வரிசையாக வந்த நோய்களில் அவர்கள் சில நூறு பேராகக் குறைந்திருந்தார்கள். அவர்கள் நிலைமையை மதிப்பிட 1980ல் வங்கி டேவிட் பிரைஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளரை ஆலோசகராக அமர்த்தியது. அவர் நம்பிக்வாரா மக்களோடு வாழ்ந்தவர், அவர்கள் மொழி தெரிந்தவர். அந்த வேலைக்கு உலகத்தில் அவரை விடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

பிரைஸ் போனார், பார்த்தார், எழுதினார். பழங்குடிகளைப் பாதுகாக்கும் பகுதியை நிறைவேற்றும் பொறுப்பு ஃபுனாய் என்ற பிரேசில் அரசுத் துறையிடம் விடப்பட்டிருந்தது. அதற்கான யோசனையைத் தயாரித்ததும் அதே துறைதான். அதாவது விண்ணப்பம் எழுதியவரே காவல்காரர். அந்தத் துறையை நம்பி அந்த மக்களை ஒப்படைக்க முடியாது என்பதுதான் பிரைஸின் முடிவு. தன் அறிக்கை ஓரங்கட்டப்பட்ட கதையை அவர் 1989ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். புத்தகத்தின் தலைப்பே புல்டோசருக்கு முன்னால் நிற்பவர்களைப் பற்றியது. 1981ல் வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் நாற்பது கோடி டாலருக்கு மேல். பழங்குடிகளைக் காக்கும் விதி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்தது.

1984ல் சாலை முடிந்தது. லட்சக்கணக்கில் ஆட்கள் இறங்கினார்கள். காடு எரிந்தது. 1985ல் வங்கி பணத்தை நிறுத்தி வைத்தது. 1987ல் அதன் தலைவர் பார்பர் கோனபிள் இந்தத் திட்டத்தில் வங்கி தவறிவிட்டதாக வெளிப்படையாகவே பேசினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பீடு நடக்காமல் போகவில்லை. சரியான ஆள், சரியான நேரத்தில், சரியான பதிலைக் கொடுத்திருந்தார். ஆனால் அவர் எழுதியது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. "வேண்டாம்" என்று சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற அதிகாரம் அவருக்கும் இல்லை, அவர் யாருக்காக எழுதினாரோ அந்த மக்களுக்கும் இல்லை.

இதற்குச் சில வருடங்கள் முன்பே கனடாவில் வேறு மாதிரி ஒன்று நடந்திருந்தது. வடமுனைக் கடலோரத்து எரிவாயுவை மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே கொண்டுவர ஒரு பிரம்மாண்டமான குழாய்த் திட்டம் விண்ணப்பமாக வந்தது. 1974ல் அதை விசாரிக்கும் பொறுப்பு தாமஸ் பெர்ஜர் என்ற நீதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. பெர்ஜர் செய்த காரியம் மிக எளிமையானது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். டெனே, இனுயிட், மேட்டி மக்கள் வாழும் 35 ஊர்களில் விசாரணை நடந்தது. பள்ளிக்கூடத்தில், சமூகக் கூடத்தில், சில சமயம் வேட்டை முகாமில் கூட. ஆயிரம் பேர் அளவுக்குச் சாட்சி சொன்னார்கள். வேட்டைக்காரரின் பேச்சும் பொறியாளரின் பேச்சும் ஒரே பதிவேட்டில் ஏறின. வானொலியில் அன்றன்றைய விசாரணை பழங்குடி மொழிகளிலும் ஒலிபரப்பானது. எண்ணெய்க் கம்பெனிகள் போலவே பழங்குடி அமைப்புகளும் வல்லுநர் வைத்து வாதாட அரசுப் பணம் கொடுக்கப்பட்டது. கடைசியாகச் சொன்ன இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. வாதிட ஒருவருக்கு மட்டும் வசதி இருந்தால் அது விசாரணை ஆகாதே!

1977ல் பெர்ஜரின் அறிக்கை வந்தது. வடக்கு யூகான் வழியாகக் குழாய் வேண்டவே வேண்டாம். மெக்கன்சி பள்ளத்தாக்கில் நில உரிமைகள் தீரும்வரை பத்து வருடம் பொறுங்கள். திட்டம் நின்றது. ஆனால் இதைப் "பழங்குடிகள் வளர்ச்சிக்கு எதிரி" என்று படித்தால் முழுத் தப்பு. 2000ல் அதே பள்ளத்தாக்கின் பழங்குடிக் குழுக்கள் பல சேர்ந்து, புதிய குழாய்த் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்குவதற்காகத் தாங்களே ஒரு கம்பெனி தொடங்கின. நடுவில் பல ஒப்பந்தங்களில் நில உரிமை தீர்ந்திருந்தது, பேரம் பேசும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். எல்லோரும் சேரவில்லை என்பதும் உண்மை. எரிவாயு விலை விழுந்ததால் 2017ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அது சந்தை செய்த வேலை, வேறு கதை.

அதே பெர்ஜர் 1991ல் இந்தியா வந்தார். நர்மதை நதியில் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985ல் 45 கோடி டாலர் கொடுத்திருந்தது. எதிர்ப்பு பெரிதானதும், வங்கி தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு சுதந்திரமான மறுபரிசீலனைக் குழுவை வைத்தது. தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், துணைத் தலைவர் பெர்ஜர். குழு மூன்று மாநிலங்களிலும் கிராமங்களுக்குப் போனது. பில், பிலாலா, தட்வி மக்களின் ஊர்களில் உட்கார்ந்து கேட்டது.

1992 ஜூனில் வந்த அறிக்கையில் உலுக்கிப்போடும் விஷயம் அணையைப் பற்றியது கூட இல்லை, மேசையைப் பற்றியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பெயர்க்கப்போகும் திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் முன், அவர்கள் எங்கே போவார்கள் என்பதை வங்கி முறையாகப் பரிசீலிக்கவே இல்லை! அணை எத்தனை உயரம், கால்வாய் எத்தனை நீளம் என்பதெல்லாம் இருந்தது. மனிதர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டிருந்தார்கள்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. 1979ல் வந்த நர்மதை நடுவர் மன்றத் தீர்ப்பின்படி நிலம் இழக்கும் நிலச்சொந்தக்காரர்களுக்கு நிலம் உண்டு. மலை ஆதிவாசிகளில் நிறையப் பேர் தலைமுறைகளாக உழுத நிலத்துக்குப் பட்டா கிடையாது. அது காட்டிலாகா கணக்கில் இருந்தது. ஆகவே மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேச விதிகளின்படி அவர்கள் "ஆக்கிரமிப்பாளர்கள்". நிலத்துக்கு நிலம் கிடையாது. ஒரு படிவத்தில் "நிலச்சொந்தக்காரர்" என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரோ எழுதிவைத்தது, பல்லாயிரம் பேரைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டது. ஒரு சொல்தான்.

வங்கி விலகி நிற்க வேண்டும் என்றது குழு. வங்கி உடனே கேட்கவில்லை. நிபந்தனைகள் போட்டுத் தொடர்ந்தது. 1993 மார்ச்சில் இந்திய அரசே மீதிக் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அணை நிற்கவில்லை. சொந்தப் பணத்தில் வளர்ந்து, 2017 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இருந்தாலும் மேசை கொஞ்சம் மாறியது. 1993ல் உலக வங்கி ஆய்வுக் குழு என்ற அமைப்பு பிறந்தது. வங்கித் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள், வங்கி தன் விதியையே மீறிவிட்டது என்று நேராகப் புகார் கொடுக்கலாம். முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 அணை பற்றியது. 1995ல் வங்கி அதிலிருந்து விலகியது.

இதுவரை பார்த்தது எல்லாம் பெரிய பணம், மேலிருந்து இறங்கும் பணம். பழங்குடிகள் தாங்களே எழுதி அனுப்பும் சிறிய விண்ணப்பங்களின் கதை இணையாக ஓடிக்கொண்டிருந்தது. 1969ல் அமெரிக்க நாடாளுமன்றம் அமெரிக்கக் கண்டங்களுக்கான அறக்கட்டளை ஒன்றை உருவாக்கியது. லத்தீன் அமெரிக்காவில் அரசுகளைத் தாண்டி மக்கள் அமைப்புகளுக்கே பணம் கொடுப்பது அதன் வேலை. "உங்களுக்கு இதுதான் வேண்டும்" என்று திட்டத்தோடு போகாமல், வருகிற யோசனைகளுக்குப் பதில் சொல்வது அதன் கொள்கை. பிரச்சினை அங்கேயும் இருந்தது: வரும் யோசனைகளை எப்படி எடைபோடுவது?

1980களின் தொடக்கத்தில் அந்த அறக்கட்டளை பொலிவியாவில் தான் உதவிய கூட்டுறவுச் சங்கங்களை மதிப்பிட ஜூடித் டெண்ட்லர் என்ற பொருளாதார அறிஞரை அனுப்பியது. அவற்றில் ஒன்று எல் செய்போ. மேட்டு நிலங்களிலிருந்து ஆல்டோ பெனி காட்டுப் பகுதிக்கு வந்து குடியேறிய ஆய்மாரா, கெச்சுவா விவசாயிகள் 1977ல் தொடங்கிய கோகோ சங்கம். டெண்ட்லரின் ஆய்வைப் படித்தால் மதிப்பீட்டுத் துறையே தலைகீழாகத் தெரியும். கணக்கு சரியில்லை, உறுப்பினர் எண்ணிக்கை பெருகவில்லை, அதே நாலு பேர் தலைமையில் திரும்பத் திரும்ப உட்கார்கிறார்கள். அவர் பார்த்த சங்கங்களில் இப்படி ஏதாவது ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. எந்தப் பரிசீலனைப் படிவத்திலும் தோற்றுப்போகும் சங்கங்கள்! ஆனால் அதே சங்கங்கள்தான் லாரிக்காரனும் வியாபாரியும் வைத்த விலையை உடைத்தன, உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் பலன் கொடுத்தன. எல் செய்போவில் வேறு ஒரு விசித்திரம்: அலுவலக வேலையை உறுப்பினர்களே முறை வைத்து மாற்றி மாற்றிச் செய்தார்கள். நிர்வாகப் பாடப்புத்தகம் இதைத் திறமைக்குறைவு என்று சொல்லும். அவர்களுக்கு அது ஊர் வழக்கம். அதோடு யாரும் பணப்பெட்டியைத் தன் சொத்தாக நினைக்காமல் இருக்க ஒரு வழி. எல் செய்போ பிறகு தானே சாக்லேட் செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வளர்ந்தது. (பின்குறிப்பு மாதிரி: 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று அந்த அறக்கட்டளையைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கச் சொன்னது; வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கொடுப்பவர் வீட்டில் ஆட்சி மாறினால் வாங்குபவர் வீட்டில் அடுப்பு அணையும்.)

டெண்ட்லர் சொன்னதை உலகம் கேட்டதா? பெரிதாக இல்லை. அதே காலத்தில் உதவி உலகத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு அட்டவணை. 1969ல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக வடிவமைக்கப்பட்ட தர்க்கச் சட்டகம். நாலு வரிசை, நாலு பத்தி, பதினாறு கட்டம். குறிக்கோள், நோக்கம், விளைவு, செயல்பாடு; ஒவ்வொன்றுக்கும் அளவுகோல், ஆதாரம், அனுமானம். பாலம் கட்ட அருமையான கருவி. ஆனால் "எங்கள் காட்டு எல்லையைப் பெரியவர்கள் நடந்து காட்டி, பேரப்பிள்ளைகள் வரைபடம் போட வேண்டும்" என்று ஒரு ஊர் கேட்டால் அது எந்தக் கட்டத்தில் விழும்? எல்லையில் தகராறு வந்து வேலை ஒரு வருடம் நின்றால் அட்டவணையின்படி தோல்வி. ஊரின் கணக்கில் அந்த ஒரு வருடம்தான் உருப்படியான வேலை நடந்த வருடமாக இருக்கலாம். கட்டத்தை நிரப்பத் தெரிந்த ஆளை நகரத்திலிருந்து பிடித்து வரும் அமைப்புக்குப் பணம், மற்றவர்களுக்கு வருத்தத்துடன் ஒரு கடிதம். நிறைய இடங்களில் நடைமுறை இப்படித்தான் ஆகிப்போனது.

சொற்களின் சண்டையும் நடந்துகொண்டே இருந்தது. 2005ல் உலக வங்கி தன் விதியைத் திருத்தியபோது பழங்குடி அமைப்புகள் கேட்டது முன்கூட்டிய, சுதந்திரமான, விவரம் தெரிந்த "ஒப்புதல்". வங்கி எழுதியது "கலந்தாலோசனை". கலந்தாலோசித்த பிறகும் நீங்கள் நினைத்ததையே செய்யலாம். ஒப்புதல் என்றால் "முடியாது" என்ற பதிலும் அடக்கம். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை 144 ஓட்டுகளோடு நிறைவேற்றிய பழங்குடி உரிமைப் பிரகடனத்தில் ஒப்புதல் என்ற சொல் இடம் பெற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு நாடுகளில் பெர்ஜரின் கனடாவும் ஒன்று. (பிறகு நாலு நாடுகளும் மனம் மாறின.) வங்கி 2016ல் எழுதி 2018ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய விதியில்தான், சில சூழ்நிலைகளுக்கு மட்டும், அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

நாற்காலி மாறிய இடம் இன்னும் சிறியது. 2003ல் உலக வங்கி பழங்குடி அமைப்புகளுக்கென ஒரு சிறு நிதித் திட்டத்தைத் தொடங்கி, 2006ல் அதை ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்திடம் கைமாற்றியது. அங்கே விண்ணப்பங்களில் எது தேறும் என்று முடிவு செய்யும் குழுவில் பெரும்பான்மையினர் பழங்குடித் தலைவர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 20,000லிருந்து 50,000 டாலர் வரை. 2011லிருந்து வட்டார அளவில் விண்ணப்பங்களைக் கையாளும் வேலையும் பழங்குடி அமைப்புகளிடமே வந்தது.

ஆசியாவுக்கு அந்தப் பொறுப்பை ஏற்ற அமைப்பின் பெயர் டெப்டெப்பா. பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் 1996ல் அதைத் தொடங்கியவர் விக்டோரியா டவுலி-கார்ப்பஸ். கார்டில்லெரா மலைகளின் கங்கனா-ஏய் இனத்தைச் சேர்ந்தவர், நர்ஸ் படிப்பு படித்தவர், 1970களில் சிக்கோ அணை எதிர்ப்பில் இறங்கிய இளைஞர்களில் ஒருவர். ஐ.நா. பிரகடனம் நிறைவேறியபோது பழங்குடிகளுக்கான நிரந்தர மன்றத்தின் தலைவர் அவர்தான். டெப்டெப்பா என்பது அவர்கள் மொழிச் சொல்: ஊர் கூடி, பலவிதக் கருத்தையும் போட்டு அலசி, ஒரு முடிவுக்கு வரும் வழக்கம். எந்த மலையின் மக்களை 1973ல் ஒருவரும் கேட்கவில்லையோ, அந்த மலையிலிருந்து வந்தவர்கள் ஆசியா முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள்.

அதற்காகப் பிரச்சினை தீர்ந்தது என்று இல்லை. நூற்றுக்கணக்கில் வரும் விண்ணப்பங்களில் சில பத்துக்குத்தான் பணம் இருக்கிறது. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஸ்பானிஷிலோ இருக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பேசிய மொழி அந்தப் படிவத்துக்குத் தெரியாது. தன் இனத்துக்காரருக்கே "இல்லை" என்று கடிதம் எழுதும் சங்கடம் வேறு. 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பழங்குடிகளின் காட்டுரிமைக்காக 170 கோடி டாலர் தருவதாகச் சில அரசுகளும் அறக்கட்டளைகளும் அறிவித்தன. கொடுத்தவர்களே வெளியிட்ட முதல் வருட அறிக்கையின்படி, செலவான பணத்தில் பழங்குடி, உள்ளூர் அமைப்புகளின் கைக்கு நேராகப் போனது 7 சதவீதம். மீதி வழியில் இருக்கும் மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

சிக்கோ ஆற்றுக்கும் புதிய விண்ணப்பம் வந்தது. கலிங்காவின் பினுக்புக் பகுதியில் ஆற்று நீரை பம்ப் வைத்து ஏற்றும் பாசனத் திட்டத்துக்கு 2018ல் சீனாவின் எக்ஸிம் வங்கி ஏறத்தாழ 6.2 கோடி டாலர் கடன் கொடுத்தது. பிலிப்பைன்ஸில் பழங்குடிகளின் ஒப்புதலைக் கட்டாயமாக்கிய சட்டம் 1997லிருந்தே இருக்கிறது. ஒப்புதல் முறையாக வாங்கப்படவில்லை என்று பழங்குடி அமைப்புகள் குற்றம் சாட்டின. உலக வங்கியின் விதியோ ஆய்வுக் குழுவோ இந்தக் கடனுக்குப் பொருந்தாது. இந்த முறை விண்ணப்பம் படிக்கப்பட்ட மேசை பெய்ஜிங்கில் இருந்தது.